நோன்புக் காலத்தில் பெருத்த வயிறு

பெத்ரோவ்ரிசி
5 மார்ச் 1996

அன்புள்ள ஸேனிக்கு,

கடவுளின் தாய் உன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்கட்டும். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். அதாவது, நான் நலம். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, அவரும் கூடத்தில்தான் இருக்கிறார், அதனால் கடிதம்.

பெருநோன்பு தொடங்கி ஒன்பது நாள். வழக்கம்போல் என் நோட்டில் எல்லாம் எழுதியிருக்கிறேன். காலையில் ரொட்டி இரண்டு துண்டு, ஒலிவக்காய் ஏழு. மதியம் எண்ணெய் விடாத அவரைக்கொட்டை சூப் இரண்டு கரண்டி. இரவு அவித்த கீரை. இறைச்சி, முட்டை, பால், பாலாடைக்கட்டி எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. நான் இரண்டு கிலோ இளைத்துவிட்டேன். லாம்ப்ரோஸைக் கம்பளி நிறுக்கும் தராசில் ஏற்றினேன். எண்பத்து நான்கு. பத்து வருடம் முன்பு எங்கள் மகன் கல்யாணத்தின்போதும் எண்பத்து நான்கு. நோன்பில் நூறு கிராம்கூட இறங்கவில்லை. அது போகட்டும், காற்சட்டை இடுப்பை இரண்டு விரல் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. சட்டைக் கைகளோ காலிப் பை மாதிரி ஆடுகின்றன.

"ஏங்க, வெறும் அவரைக்கொட்டையில இப்படி வயிறு வைக்குமா?" என்று கேட்டேன். "நீ நல்லா சமைக்கிறே" என்கிறார். உப்பும் தண்ணீரும்தான் சமையல்!

செவ்வாயும் சனியும் ஸீஸிஸின் ஆட்டுப்பட்டிக்குப் போகிறார். குட்டிகளைப் பார்க்கிறாராம். முகம் சிவந்து, வியர்த்து, மூச்சு வாங்கத் திரும்பி வருகிறார். குட்டியைப் பார்த்தவனுக்கு எதற்கு வியர்க்கிறது? சுட்ட ஈரல் தின்றவனுக்கு வியர்க்கும். தேவாலயத்தில் எல்லோரும் நெற்றி தரையில் படக் குனிந்து எழும்போது இவர் மட்டும் மர இருக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மனசாட்சி குனிய விடவில்லை என்று நினைக்கிறேன்.

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் திருவுருவத்தைக் கிடத்திய பூம்பாடையை ஊர்வலத்தில் முன்வரிசையில் வலது பக்கம் சுமப்பவர் இவர். முப்பத்தொரு வருடமாக. நோன்பு முறித்த தோளில் அது ஏறலாமா?

நீ தெசலோனிக்கியில் உட்கார்ந்து வயதானவர்களின் உடம்பைத்தானே ஆராய்கிறாய். மறைக்காமல் சொல். ரொட்டியும் அவரைக்கொட்டையும் தின்று ஒருவருக்கு வயிறு பெருக்குமா?

உன் அண்ணி,
எவாந்தியா

---

தெசலோனிக்கி
12 மார்ச் 1996

அன்புள்ள அண்ணி,

பெருக்கும்.

சிரிக்காமல் கேளுங்கள். நாம் பாதிப் பட்டினியில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள். வேட்டை கிடைக்காத குளிர்காலங்களில், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்துவைத்த உடம்புதான் பிழைத்தது, பிள்ளை பெற்றது. அந்தப் பழக்கத்தை உடம்பு இன்னும் விடவில்லை. சதை வேறு மாதிரி. அது சும்மா கிடக்கும்போதும் தின்னும். வயதாகி, சுமப்பதும் ஓடுவதும் குறைந்தால், வேலை இல்லாத ஆளுக்கு எதற்குச் சாப்பாடு என்று உடம்பு அதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கொழுப்பை வைத்துக்கொள்கிறது. தராசு முள் அசையாது. உள்ளே சரக்கு மாறியிருக்கும்.

இதை ஏன் இயற்கை திருத்தவில்லை என்று கேட்பீர்கள். இந்தப் பழுது வெளியே தெரிவதற்குள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் வருவது இயற்கையின் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. இவையெல்லாம் விளக்கங்கள்தான், அண்ணி. எது எவ்வளவு சரி என்று எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கிறது. ஆனால் நோன்புச் சாப்பாட்டால் கொழுப்புக்கு முன்னே சதை கரையக்கூடும் என்பதில் சண்டை இல்லை.

கொழுப்பு முன்னால் சேர்கிறது, தொடையிலும் பின்பக்கத்திலும் சதை வற்றுகிறது. அண்ணனின் காற்சட்டை பின்னால் தொளதொளவென்று தொங்குகிறதே, அது ஈரல் தின்கிற ஆளின் உடம்பா, நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸேனி

---

பெத்ரோவ்ரிசி
19 மார்ச் 1996

ஸேனிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொல்லும் இயற்கை என்ன மாதிரித் தாய்? பிள்ளை வளர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் கும்பிடுபவர் அறுபத்தெட்டு வயதில் ஒருவரை அம்போ என்று விடுபவர் இல்லை.

இருந்தாலும் நியாயமாகப் பேசுகிறேன். என் கோழிகளில் முட்டையிடுவதை நிறுத்திய மூன்றும் கொழுத்துத்தான் போயின. கால் மட்டும் குச்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோழிகள் என் கண்ணெதிரே மேய்கின்றன. உன் அண்ணன் எங்கே மேய்கிறார்?

இன்னொன்று. காற்சட்டையின் பின்பக்கம் பற்றி உனக்கு யார் சொன்னது? நான் இடுப்பையும் சட்டைக் கையையும் பற்றித்தான் எழுதினேன். அனுப்பும் கடிதத்துக்கு நகல் வைப்பவள் நான், எடுத்துப் பார்த்துவிட்டேன். நீ அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆகஸ்ட் திருநாளில். அப்போது காற்சட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. ஜனவரியில் பல் பிடுங்க யோவானினாவுக்குப் போகிறேன் என்று இரண்டு நாள் தங்கினார். வந்ததும் பல்லை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. "வலி நின்னுடுச்சு, விட்டுட்டேன்" என்றார்.

உனக்கு ஏதோ தெரியும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எதையோ மூடுகிறீர்கள். நீ சொல்லாவிட்டால் நான் பாதிரியார் ஸ்தாத்திஸிடம் போகிறேன். அவர் கேட்டால் உன் அண்ணன் பொய் சொல்ல மாட்டார்.

எவாந்தியா

---

தெசலோனிக்கி
26 மார்ச் 1996

அண்ணி,

கெஞ்சிக் கேட்கிறேன், பாதிரியாரிடம் போகாதீர்கள். வயதான ஆண்களுக்கெல்லாம் காற்சட்டை பின்னால் தொங்கும், அதை ஊகித்து எழுதினேன், அவ்வளவுதான். அவரை நோட்டில் பார்க்காதீர்கள். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஸேனி

---

பெத்ரோவ்ரிசி
3 ஏப்ரல் 1996

ஸேனி,

உன் கடிதம் வருவதற்குள் போய்வந்துவிட்டேன். முன்னே வந்திருந்தாலும் போயிருப்பேன்.

பாதிரியார் அவரைக் கூப்பிட்டனுப்பிக் கேட்டார். உன் அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா சாமி, தின்னேன்" என்றாராம். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை.

"என்னத்தத் தின்னீங்க?"

"ஈரல்."

"எத்தனை தடவை?"

"நீ எத்தனைன்னு எழுதி வச்சிருக்கியோ, அத்தனை தடவை."

ஈஸ்டருக்கு நற்கருணை இல்லை, பூம்பாடை சுமக்கக் கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். அந்த இடம் தபால்காரருக்குப் போய்விட்டது. ஊரெல்லாம் பேசுகிறது. உன் விஞ்ஞானத்தைவிட என் மூக்கு கூர்மை என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. முப்பத்தொரு வருட மரியாதையைப் பறித்த அன்று மதியம் அவர் குறட்டை விட்டுத் தூங்கினார், மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி. அகப்பட்டவனுக்கு இப்படித் தூக்கம் வருமா?

எவாந்தியா

---

பெத்ரோவ்ரிசி
16 ஏப்ரல் 1996

ஸேனி,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று ஈஸ்டர் வாழ்த்து உனக்கும் எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

பெரிய வெள்ளி ஊர்வலம் முடிந்து, பூம்பாடையைத் தேவாலய வாசலில் உயர்த்திப் பிடித்தார்கள். உனக்குத் தெரியுமே, எல்லோரும் அதனடியில் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். உன் அண்ணன் எனக்கு முன்னால் போனார். குனிந்தார். முழங்கால் மடிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை.

"எந்திரிங்க லாம்ப்ரோஸ் அண்ணே, கை கடுக்குது!" என்றார் தபால்காரர்.

"உள்ள போன ஈரல் கனக்குதுபோல!" என்று பின்னால் யாரோ. சிரிப்பு.

நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். என் கைக்குள் எலும்புதான் வந்தது, ஸேனி. எத்தனை வருடமாக அந்தக் கையை நான் பிடித்துப் பார்க்கவில்லை! சட்டைக் கையைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் மதியம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"ஸீஸிஸ் பட்டியில என்னதாங்க பண்றீங்க?"

"பால் கறக்கிற முக்காலியில உக்காந்து உக்காந்து எந்திரிக்கிறேன். இருபது தடவை செய்யணும். பன்னெண்டுக்கே நாக்கு தள்ளுது."

"அப்ப ஈரல்?"

"எந்த ஈரல்? ஸேனி தினம் ரெண்டு முட்டை திங்கச் சொன்னா. அதையே ஈஸ்டர் முடியட்டும்னுட்டேன்."

"பின்ன ஏன் சாமிகிட்டப் போய் அப்படிச் சொன்னீங்க?"

முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "இறைச்சி தின்னவனை ஊரு ரெண்டு மாசத்துல மன்னிச்சுடும், எவாந்தியா. ஆண்டவர் பாடையைக் கீழ போட்டவனை?" என்றார்.

ஈஸ்டர் அன்று எல்லோரும் நற்கருணை வாங்கப் போனபோது அவர் கடைசி இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அங்கே நிறுத்தியது நான்தான். நானும் போகவில்லை, அவர் பக்கத்தில் நின்றேன்.

உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆயிரமாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களின் பட்டினியை எனக்கு எழுதினாய். என் வீட்டு மனிதரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. ஏன்?

எவாந்தியா

---

தெசலோனிக்கி
23 ஏப்ரல் 1996

அன்புள்ள அண்ணி,

ஜனவரியில் அவர் இங்கேதான் வந்தார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மூன்று முறைகூட எழ முடியவில்லை. "எவாந்தியாவுக்குத் தெரியக் கூடாது" என்று அம்மாவின் பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் எல்லா மனிதர்களின் கதையாக எழுதினேன். அதற்குள் அவரை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள் என்று நம்பினேன். அது கோழைத்தனம்தான். சத்தியத்தை மீறியிருக்க வேண்டும்.

இனி பயிற்சியும் சாப்பாடும் ஒழுங்காக நடந்தால் போன பலத்தில் கொஞ்சமாவது திரும்பும். அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

ஸேனி

---

பெத்ரோவ்ரிசி
2 மே 1996

அன்புள்ள ஸேனிக்கு,

கோபம் இருக்கிறது. சாப்பாடு போல அதையும் மூன்று வேளை வைத்துக்கொண்டிருக்கிறேன். குறையும்போது எழுதுகிறேன்.

பாதிரியாரிடம் போய், நான் சொன்னது பொய்ப் பழி என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு உன் அண்ணனுக்கு நற்கருணை கொடுத்தார். எனக்கு நாற்பது நாளைக்கு நற்கருணை கிடையாது. சரிதான். புதனும் வெள்ளியும்கூட அவருக்கு முட்டை கொடுக்க அனுமதி வாங்கிவிட்டேன். பழைய மனிதர்களைப் பற்றி நீ எழுதியதை நான் முழுக்க நம்பவில்லை. ஆனால் உடம்பு யாரையும் கேட்காமல் உள்ளே சரக்கை மாற்றிவிடும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

நீ அவருக்கு ஒட்டி அனுப்பிய உறை வந்தது. ஆவியில் காட்டினால் பசை விடும் என்று எனக்குத் தெரியும். கெண்டியை அடுப்பில் ஏற்றியும்விட்டேன். பிறகு அந்த வெந்நீரில் மலைத்தேநீர் போட்டு, கோப்பையையும் உறையையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீ படிக்கலையா?" என்றார்.

"உங்களுக்கு வந்தது, நீங்க படிங்க."

சத்தமாகவே படித்தார். முக்காலி, முட்டை, தொடைச் சதை, எல்லாம். நடுவில் ஒரு வரியைத் தாண்டினார். கண் கீழே இறங்கியது, குரல் மட்டும் ஒரு மூச்சு நின்றது. எனக்குத் தெரியாமல் இருக்குமா?

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான்" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சட்டை திங்கட்கிழமை துவைக்க வரும். பைக்குள் கை விட மாட்டேன். "பையைக் காலி பண்ணிக் குடுங்க" என்று அவரிடமே கொடுக்கப்போகிறேன்.

அந்த வரி என்னவென்று நீயும் எனக்கு எழுதிவிடாதே.

உன் அண்ணி,
எவாந்தியா