சோபாவில் கட்டிப் பழகிய கூடாரம்

மே 3
கூடாரம் கட்டும் ஒத்திகை இன்று முடிந்தது. மொட்டை மாடியில் வெயில், அதனால் ஹாலில். நாலு மூலைக் கயிறுகளில் இரண்டை சோபாக் கால்களிலும், ஒன்றை பீரோ கைப்பிடியிலும், ஒன்றை டிவி மேசையிலும் கட்டினேன். கம்பீரமாக நின்றது. உள்ளே படுத்து அரை மணி நேரம் தூங்கியும் விட்டேன். மனைவி வந்து துணியைத் தட்டி, "டீ குடிக்க வீட்டுக்கு வர்றீங்களா, இல்ல காட்டுலயே இருக்கீங்களா?" என்றாள்.

மே 5
மனைவியோடு பந்தயம் உறுதியாகிவிட்டது. என் சைக்கிளில், தனியாக, நாலு நாள், முந்நூறு கிலோமீட்டர், ஏரி வரை. நடுவில் ஒரே ஒரு தடவை உதவி கேட்டு அவளுக்கு போன் செய்தாலும் சைக்கிள் அவள் தம்பிக்குப் போய்விடும். மச்சான் இப்போதே சீட்டை இறக்கி உட்கார்ந்து பார்க்கிறான். அவன் போனதும் மறுபடி ஏற்றி வைத்தேன்.

மே 9, முதல் நாள்
எண்பது கிலோமீட்டர். டிரைவிங் ஸ்கூலில் இருபது வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால் என் கால். இறக்கத்தில் எதிரே லாரி வந்ததும் பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தேன். சைக்கிள் இன்னும் வேகமாகப் போனது. "பதறாதீங்க, நேரா பாருங்க" என்று எனக்கு நானே வகுப்பு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஒரு பள்ளி மைதானத்தில் தங்க வாட்ச்மேன் இடம் கொடுத்தார். பையை அவிழ்த்தேன். கயிறு இருக்கிறது. தரையில் அடித்துக் கயிறு கட்டுகிற இரும்பு முளைகள், பன்னிரண்டும், வீட்டில். ஒத்திகையில் அது தேவைப்படவே இல்லையே — முட்டாள், சோபாவையா தூக்கிட்டு வரப்போறே?

"என்ன சார் தேடறீங்க?" என்றார் வாட்ச்மேன்.

"சோபா" என்று வாயில் வந்துவிட்டது. அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மே 10
நேற்று கட்டிய விதம்: ஒரு மூலை சைக்கிள், ஒன்று தண்ணீர் கேன், ஒன்று செங்கல், ஒன்று என் கால் கட்டைவிரல். புரண்டு படுத்தால் வீடு இடிந்தது.

மத்தியானம் அவளே போன் செய்தாள். "டென்ட் நல்லா நிக்குதா?"

"மலை மாதிரி நிக்குது."

"அப்படியா" என்றாள். சிரித்தாளோ?

மே 11
காற்று. கூடாரம் கிளம்பி ஓடியது. பின்னாலேயே நான், ஒற்றைச் செருப்போடு. ஒரு தக்காளித் தோட்டத்து வேலிதான் பிடித்துக் கொடுத்தது. துணி கிழியவில்லை, என் முழங்கை கிழிந்தது. போனை எடுத்தேன். விரல் அவள் நம்பர் வரை போய்விட்டது. கூப்பிட்டால் மச்சான் நாளைக்கே இந்த சைக்கிளில் காய்கறி வாங்கப் போவான். வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அழுகையாக வந்தது.

மே 12
ஏரி! முந்நூற்று நாலு கிலோமீட்டர். கரையில் பெஞ்சில் அவள். மடியில் முளைப் பை. பஸ் பிடித்து வந்திருக்கிறாள். நான் கிளம்பிய அன்றே சோபாவுக்கு அடியில் பெருக்கும்போது கிடைத்ததாம்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"கூப்பிடுவீங்கன்னு காத்திருந்தேன். நீங்க மலை மாதிரின்னு சொன்னப்ப குரல் கீச்சுனு போச்சு. அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கல."

"அப்ப பந்தயம்?"

"நீங்க எங்க கூப்பிட்டீங்க? நானா வந்தேன்."

முளைகளை அவளே கல்லால் அடித்தாள். உள்ளே படுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள்.

ஜூன் 1
வாசலில் இடம் போதாமல், சோபாவை நகர்த்திவிட்டு ஒரு சைக்கிளை ஹாலில் நிறுத்த வேண்டியதாயிற்று. மச்சான் வந்தான். "அக்கா, அந்த சைக்கிள் சும்மாதானே நிக்குது? நான் எடுத்துக்கட்டுமா?"

"எது, அவரோடதா, என்னோடதா?" என்று கேட்டாள்.