கழுவிப் போட்ட சட்டை

செங்கல்பட்டு
18-11-1956, ஞாயிறு

என் அருமை மகன் தேவசித்தத்துக்கு அம்மா ரெபேக்காள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அங்கே அலகாபாத்தில் நீயும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மார்கரெட் எழுதுகிறாள். ஏழாவதோடு நிறுத்திவிட்டோமே தவிர எழுத்து இன்னும் மணிமணியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இதையெல்லாம் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறதம்மா என்றாள். எனக்கு மட்டும் இல்லையா, எழுதடி என்றேன்.

முதலில் ஒரு காரியம் சொல்லிவிடுகிறேன். நீ கேட்டபடி உன் சட்டையைத் திருப்பி அனுப்புகிறோம். ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர நாள் விட்டு, அதற்குப் பிறகுதான் பார்சலைப் போடுவோம். பார்சல் வந்ததும் கூட இருக்கிற பிள்ளைகள் முன்னால் பிரித்துவிடாதே ஐயா. யாரும் இல்லாத நேரம் பார்த்து நீ மட்டும் பிரி. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ லைசென்சுக்கான பரீட்சை எழுதிவிட்டேன், தேறிவிடுவேன் என்று போன மாதம் எழுதியிருந்தாய் அல்லவா, அன்றைக்கே உன் அப்பா கோயிலில் ஸ்தோத்திர ஆராதனைக்குச் சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு, மீன் குழம்பு என்று முடிவு செய்து மாமல்லபுரத்தில் அப்துல் சுபஹானிடம் மீனுக்கும் சொல்லிவைத்தார். தண்டவாளத்தில் ஜல்லி கொட்டுகிற ஞானதாசின் மகன் ஏரோப்ளேன் ஓட்டப்போகிறான் என்று ஜங்ஷன் முழுக்கப் பேச்சு. இந்த நேரத்தில்தான் உன் பார்சல் வந்தது. நீ எழுதிய கடிதம் வரவில்லை, பார்சல்தான் முதலில் வந்தது. பிரித்தால் உன் வெள்ளைச் சட்டை. முதுகுத் துணியைக் காணோம். தோளிலிருந்து இடுப்புவரை கத்தரித்து எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த சட்டையில் எண்ணெய்க் கறை. அறுத்த துணி தனியாக மடித்து வைத்திருந்தது, அதில் இங்கிலீஷில் கிறுக்கல், மார்கரெட்டுக்கு உன் பெயரைத் தவிர வேறொன்றும் படிக்க வரவில்லை. கூட்டெழுத்தம்மா, எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை என்றாள். உன் பெயருக்குக் கீழே ஒரு கழுதைப் படம், இரண்டு பக்கமும் இறக்கை வைத்து. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு முதுகு அறுத்த சட்டையும் கழுதைப் படமும் வந்தால் என்ன நினைப்பது நீயே சொல்.

நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா, நீ என்னவோ தப்பு செய்துவிட்டாய், உன்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அவமானப்படுத்தி விரட்டிவிட்டார்கள் என்று நினைத்தோம். உன் அப்பா துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா பண்ணானோ தெரிலயே, பெரிய எடத்துல போய் வாயக் கீயத் தொறந்தானோ" என்றார். நானும், "கைய வெச்சிகினு சும்மா இருந்திருக்க மாட்டான்" என்றேன். இதை நீ கேட்டிருந்தால் உன் மனசு என்ன பாடு பட்டிருக்கும். என் பிள்ளைக்கு யார் இந்த அநியாயத்தைச் செய்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று நினைத்து நினைத்துத்தான் இப்போது எனக்குத் தலை நிமிர மாட்டேன் என்கிறது.

நாங்கள் மதுராந்தகத்துப் பக்கம் ஊரை விட்டு இங்கே வந்தது மழை இல்லாமல் என்றுதானே உங்கள் இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கிறோம். அது இல்லை. நீ கைக்குழந்தை, கிறிஸ்துமசுக்கு மிஷன் துரை உன் அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டே பண்ணை வீட்டுக் களத்துக்குப் போய்விட்டார். பண்ணையின் ஆள் ஒருவன் பின்னால் வந்து கருக்கரிவாளால் சட்டையை முதுகோடு அறுத்தான். உன் அப்பா ஏன் என்று கேட்கவில்லை, காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். நான் நெல் தூற்றுகிற முறத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். ஊரை விட்டு வந்தபோது இதைப் பிள்ளைகள் காதில் போடவே கூடாது என்றார், நானும் போடவில்லை. உன் சட்டையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் அந்தக் களம்தான் கண்ணில் வந்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. எங்கள் புத்தி எந்த வழியில் போயிற்று என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

உன் பெரிய வாத்தியாருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடுதாசி எழுது என்று உன் அப்பா மார்கரெட்டை உட்காரவைத்தார். நல்ல வேளை, மேல்விலாசம் இங்கிலீஷில் எழுத இவள் பயந்து அழுததால் அது நின்றது. ஆனால் சட்டை தப்பவில்லை. அக்கம்பக்கத்தார் கண்ணில் படுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுக் கசக்கி, சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தோம். உன் அப்பாவே குந்தி உட்கார்ந்து கல்லில் தேய்த்தார். எழுத்து முழுக்கப் போய்விட்டது, கழுதையும் போய்விட்டது, அதன் காது இரண்டு மட்டும் லேசாகத் தெரிகிறது. பிறகு மார்கரெட் அந்தத் துணியைச் சட்டையோடு சேர்த்து வைத்துத் தைத்துவிட்டாள். தையல் வகுப்பில் கற்றதை இதில்தான் காட்டினாள், தடவிப் பார்த்தால்தான் ஒட்டு தெரியும், அவ்வளவு பொடித் தையல். தைத்ததும் உன் அப்பா, நம் மானம் தப்பிச்சிது என்றார். ரெபேக்காளுக்கு உடம்பு சரியில்லை என்று கோயிலில் பொய் சொல்லி ஆராதனையை நிறுத்திவிட்டார்.

மீன் வேண்டாம் என்று சொல்ல மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினார். சுபஹானிடமும் அதே பொய்யைச் சொன்னாராம். அவன் கேட்பவனா, "போன வாரந்தான் ரெபேக்காக்காவ திருக்கழுக்குன்றம் சந்தையில பாத்தேன், வெண்டிக்காக்காரன இன்னா ஏசு ஏசிகினு இருந்தாங்க, அதுக்குள்ள இன்னா ஒடம்பு? சும்மா சொல்லு அண்ணாத்த" என்று பிடித்துக்கொண்டான். உன் அப்பா அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சுபஹான் மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம். மூன்று வருஷம் மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டக் கற்கிற இடத்தில் டீ போட்டுக்கொண்டு இருந்தவன் அல்லவா அவன். "புள்ள முன்னாடி குந்திகினு இருப்பான், வாத்தியாரு பின்னாடி. இஞ்சின் போடற சத்தத்துல கத்துனாலும் காதுல வுழாது. அதனால சட்டையப் புடிச்சி இஸ்துதான் சொல்லுவாரு, இப்டி திருப்பு அப்டி திருப்புன்னு. மொத மொத தனியா ஓட்டிக் காட்டிட்டான்னா இனிமே உன்ன இஸ்க்க ஆளு வேணாம், நீயே ஓட்டிக்கோன்னு தலையில தண்ணி ஊத்தி, முதுகுத்துணிய அறுத்து, அதுல பேரெழுதி மாட்டுவாங்க. அதான் மருவாதி. எத்தினி வெள்ளக்காரன் முதுவ நான் பாத்துகீறேன். உம் புள்ள பாஸாயிட்டான் அண்ணாத்த, நீ இன்னாடான்னா சாவு வூட்டுக்கு வந்தாப்புல வந்து நிக்கற" என்றானாம். உன் அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாராம். நாங்கதான் எல்லாத்தையும் தொவச்சிட்டமே என்று சொன்னதும் சுபஹானுக்கும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

அவர் வீடு வந்து சேருவதற்குள் இங்கே உன் கடிதமும் வந்துவிட்டது. மார்கரெட் படித்துக் காட்டினாள். எல்லோர் துணியையும் லைசென்ஸ் கொடுக்கிற நாளில் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள், நான் அப்பா அம்மா பார்க்க வேண்டும் என்று கெஞ்சி வாங்கி அனுப்பியிருக்கிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். வாத்தியார் தன் கையால் எழுதிய பாராட்டு அது என்றும், கழுதைப் படம் உன் கூட்டாளி ராஜேந்திரன் போட்டது, எல்லோருடைய மூட்டையையும் நீயே சுமப்பதால் விளையாட்டுக்குப் போட்டது என்றும் எழுதியிருந்தாய். அதைக் கோயிலில் எல்லோருக்கும் காட்டச் சொல்லியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் இவள் கடிதத்தை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அடுப்பு பற்றவைக்கக்கூடத் தோன்றவில்லை.

தையலைப் பிரித்துவிடலாம் என்று பார்த்தோம். எலுமிச்சையும் வெயிலும் பட்ட துணி, இரண்டு விரல் பிரித்ததும் நூல் நூலாகப் போகிறது. அதனால் தைத்தபடியே அனுப்புகிறோம். வாத்தியாரிடம் மறுபடி எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா, அப்படிக் கேட்பது அங்கே மரியாதைக் குறைவா என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சுவரில் மாட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். யாராவது என்ன ஆயிற்று என்று கேட்டால், ரயிலில் மழைத்தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள், நாங்கள் வருத்தப்பட மாட்டோம். இப்படிச் சொல் என்று நான் சொன்னதற்கு உன் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய் சொன்னதெல்லாம் போதும், அவனும் நம்மால பொய் சொல்லணுமா" என்றார். நீ எதைச் சொன்னாலும் சரி.

இன்று காலை ஆராதனை முடிந்ததும், கோயிலில் ஒரு நாளும் வாய் திறக்காத மனுஷன் எழுந்து நின்று, "எம் புள்ள பாஸாயிட்டான். நாந்தான் பெயிலாயிட்டேன்" என்று தொடங்கி, சட்டையை விரித்துக் காட்டி, களத்தில் நடந்ததுவரை எல்லாவற்றையும் சொன்னார். சில பேர் சிரித்தார்கள், கிழவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்தால் அவரோடு தண்டவாள வேலை செய்கிற கருப்பன், "இன்னா ஞானதாசு, ஏரோப்ளேன் ஓட்றவன் சட்டைக்கே ஒட்டுப் போட்ட ஆளாமே நீ" என்று கிண்டல் செய்தான். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு ஆமாம்பா என்றார். பாஸ்டர் ஐயா அடுத்த வாரமே ஸ்தோத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்றார், சுபஹானும் மீன் தயார் என்று ஆள் அனுப்பினான். உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பதில் வரட்டும், அவனுக்கு மனசு ஆறாமல் நான் விருந்து போட்டால் அது யாருக்கு என்கிறார். அதனால் எல்லாம் அப்படியே நிற்கிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், தலையில் தண்ணீர் ஊற்றுவார்களாமே, ஈரத்தோடு நிற்காதே, உடனே துவட்டிக்கொள். சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடு. மூட்டை தூக்குவதை மற்றவர்களும் பகிர்ந்துகொள்ளட்டும், அந்த ராஜேந்திரனிடம் நான் சொன்னதாகச் சொல். மேலே போகும்போது கீழே பார்த்து மயங்காதே. ஜெபம் பண்ணிவிட்டு ஏறு.

பதில் போடும்போது எனக்குப் போடாதே, உன் அப்பா பெயருக்கே போடு. திட்டுவதாக இருந்தாலும் அவரைத் திட்டியே எழுது, அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் இப்படித் தபால்காரருக்காகக் காத்து நின்று நான் பார்த்ததில்லை. கர்த்தர் உன்னைத் தம் செட்டைகளின் நிழலில் வைத்துக் காப்பாராக. உன் போக்கும் வரத்தும் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றும் உன்னை நம்பாமல் போன அம்மா,
ரெபேக்காள்

அண்ணா, இது மார்கரெட். அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, ஒட்டுவதற்கு முன்னால் இதை நானாக எழுதுகிறேன். உன் கடிதங்களைப் படித்துக் காட்டும்போது அப்பா மனம் நோகிற இடம் வந்தால் நான் விட்டுவிட்டுப் படிப்பது வழக்கம். அது அப்பாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இந்தத் தடவை உன் பதில் வந்தால் ஒரு சொல் விடாமல் படிக்க வேண்டும் என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் பார்த்து எழுது அண்ணா.