ப என்றால் ம என்கிறாள்

ஜூன் 4

கம்பெனி மூடி இருபது நாள். "சும்மாதானே இருக்கீங்க, பொடிசுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்களேன்" என்றாள் மனைவி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே. சும்மாதானே! அந்தச் சொல் மதியம் வரை என்னை விடவில்லை.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி முப்பது எழுத்து எழுதினேன். பொடிசுக்கு நாலு வயது. ஒவ்வோர் அட்டையையும் முகர்ந்து பார்த்துவிட்டு என் மடியில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் எதிரேதான்.

ஜூன் 9

'அ' வந்துவிட்டது. 'ட' வந்துவிட்டது. எனக்கே தலைகால் புரியவில்லை.

ஜூன் 13

'ப' என்றால் 'ம' என்கிறாள். 'படம்' மடமாகிறது, 'பாட்டு' மாட்டு. முதலில் சிரித்தேன். நாற்பதாவது தடவை சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14

'அப்பா' என்று புதிதாக ஓர் அட்டை எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தேன். 'அம்மா' என்றாள். வேண்டுமென்றே செய்கிறாளா?

ஜூன் 18

நேர்காணலுக்குப் போன இடத்தில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்ததும் பாடம் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

எனக்குச் சளி, அவளுக்கு ஒட்டக்கூடாதென்று மாஸ்க் போட்டிருந்தேன். இன்று ஒன்றுமே வரவில்லை. நேற்று வந்த 'அ'கூட இல்லை. மலங்க மலங்க முழித்தாள். "என்ன திமிருடி உனக்கு?" என்று கத்தினேன். சிரித்தாள். அறைந்துவிட்டேன். கன்னத்தோடு காதும் சேர்ந்து சிவந்துபோயிற்று.

அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும்தான்.

ஜூன் 19

சமாதானம் செய்யலாம் என்று பின்னால் போய்க் கூப்பிட்டேன். மூன்று தடவை. பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். கையிலிருந்த தட்டு நழுவி அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அவள் திரும்பவில்லை.

ஜூன் 20

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24

காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சோதித்தார்கள். வெளியே நாங்கள் இருவர்.

"ரெண்டு காதும் ரொம்பக் குறைஞ்சிருக்கு. போன வருஷம் வந்த காய்ச்சலாத்தான் இருக்கணும். உங்க வாயைப் பாத்துப் பாத்தே சமாளிச்சிருக்கா, கெட்டிக்காரப் பொண்ணு."

"அப்பாவை அம்மான்னு..."

"உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான் சார். சொல்லிப் பாருங்க."

சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுதான்.

பிறகு என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "அடிச்சதால ஏதாவது...?"

"இல்லை" என்றார் டாக்டர், கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தை நான் இன்னும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அடிச்சீங்களா?"



ஜூலை 2

கருவி மாட்டியிருக்கிறது. ஓரளவுதான் கேட்குமாம். "சீக்கிரம் படிக்கக் கத்துக்கட்டும். காது குடுக்காததை எழுத்து குடுக்கும்" என்றார் டாக்டர். என் முகத்தைக் கண்டாலே அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

ஜூலை 5

பாடம் இனி அவள் அம்மா எடுக்கிறாள். சாயந்திரம் ஆறு மணிக்கு. சமையல் என்னுடையது.

ஆகஸ்ட் 17

அடுப்படியில் வேலையாக இருந்தபோது மனைவி வந்தாள். கண் கலங்கியிருந்தது. "முழு வரியும் வாசிச்சிட்டா. 'பூனை பால் குடித்தது.' ஒரு தப்பில்லை."

அடுப்பை அணைத்தேன். "வரட்டா?"

"வேண்டாம். நீங்க வந்தா நிறுத்திடுவா."

சரி என்றேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பொடிசு மறுபடி வாசித்தாள், ஒவ்வோர் எழுத்தாக, சத்தமாக. 'பா' சுத்தமாக வந்தது.