என் கையில் மிஞ்சிய பாதி

என் கண்ணான மகள் வெர்லீனுக்கு, உன் அப்பா எழுதுவது. இங்கே ஆர்கன்சாவில் நான் உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறேன், அலாஸ்கா குளிரில் நீயும் அப்படியே இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். பாதிக் குற்றம் எழுபது வயதுக்கு மேல் எழுதப் படித்த என்னுடையது, மீதி என் விரலை இரும்புக் கம்பியால் உடைத்தவனுடையது. பதறாமல் படி.

கரண்ட் பில்லை ஃபோனிலேயே கட்டித் தொலைங்கப்பா என்று ஞாயிறுதோறும் சொல்வாய், நானும் ஆகட்டும் என்பேன். ஆனால் இத்தனை வருஷமும் நீ செக்கை நிரப்பி அனுப்ப, நான் அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டவன். இந்த மாதம் முழுச் செக்கையும் நானே எழுதி, லெமுவெல் பீச்சம் என்று கையெழுத்தும் போட்டேன் அம்மா. அந்தச் சந்தோஷத்தில் விடிந்ததுமே உறையை நம் வீட்டு ரோட்டோரத் தபால்பெட்டியில் வைத்து, எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று தபால்காரர் கவனிக்கட்டும் என்று பெட்டியின் பக்கத்திலிருக்கும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டேன். உள்ளே செக் இருக்கிறது என்று போகிற வருகிற திருடனையும் கூப்பிடுவது அதே கொடிதான். பக்கத்து வீட்டு டெல்ஃபீனின் செக்கை அப்படித்தான் எடுத்து, மையைக் கழுவி, கையெழுத்தை மட்டும் விட்டுவைத்து, வேறு பெயரும் தொகையும் எழுதிக் கணக்கையே காலி செய்தார்கள். தெரிந்தும் தூக்கினேன். என் கொடியை ஊர் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

காபியோடு ஜன்னலில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் நின்றது. இறங்கியவன் ஒரு கையில் இரும்புக் கம்பியோடு, மறு கையைப் பெட்டியில் விட்டான். செருப்புக்கூடப் போடாமல் ஓடி உறையைப் பிடித்தேன். விடு கிழவா, மண்டை பொளந்துரும் என்றான். சொன்னபடியே பொளந்தான். கண்ணில் ரத்தம் இறங்கியது, கம்பியால் விரல்களில் அடித்தான், நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன், அவன் பெட்டிக் கதவில் என் வாயை மோதினான், முன்பல் இரண்டும் போயின. டெல்ஃபீன் வேட்டைத் துப்பாக்கியோடு வந்து, ஒரு காயிதத்துக்காவா சாகப்போறீங்க, விட்டுத் தொலைங்க லெமுவெல் என்று கத்தினாள். காயிதம் இல்லடி, எம் பேரு என்றேன். அவள் காரின் பின்கண்ணாடியைச் சுட்டு நொறுக்கினாள். அவன் ஒரே இழுப்பில் உறையைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

தலையில் தையல் போட்டிருக்கிறார்கள், சூப் மட்டும்தான் இறங்குகிறது. விசாரிக்க வந்த போலீஸ் பையன், ஃபோன்ல கட்டியிருந்தா பல்லாவது மிஞ்சியிருக்கும் பெரியவரே என்றான். டெல்ஃபீன் விடவில்லை, அதுல மட்டும் என்னத்த வாழுது, இன்னிக்கே கட்டலன்னா கரண்ட் கட்டுன்னு வந்த மெசேஜை நம்பித்தானே எங்கண்ணன் மொத்தத்தையும் விட்டான் என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். ஃபோன் திருடன் மண்டையை உடைப்பதில்லை, அந்த மட்டில் உன் பேச்சுதான் சரி. வந்த மெசேஜ் எதையும் தொடாமல், பில்லில் அச்சடித்திருந்த இணைய முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்து ஃபோனில் நானே அடித்துக் கட்டிவிட்டேன். படிக்கத் தெரியாதவனாக இருந்தால் இதையும் எவன் கையிலோதான் கொடுத்திருப்பேன்.

நீயும் வாசல் பெட்டியில் எதையும் வைக்காதே, கொடியைத் தூக்காதே. இந்தக் கடிதத்தைத் தபாலாபீஸ் ஜன்னலில் ஆள் கையிலேயே கொடுக்கப்போகிறேன். கூடவே ஒரு கிழிந்த துண்டு இருக்கும். பழுப்பாக இருப்பது என் ரத்தம், பயப்படாதே. அவனிடம் போனது தொகை இருந்த பாதி, என் கையில் நின்றது கையெழுத்திருந்த பாதி. வங்கியில் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள், இனி இது யாருக்கும் காசாகாது. நீ வைத்துக்கொள்.

கர்த்தர் உன்னை நிழலாகக் காக்கட்டும், கம்பளிக் கையுறை போடாமல் வெளியே போகாதே. வருகிற வாரம் விரல் கட்டைப் பிரிக்கிறார்கள், அன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல் எவ்வளவு என்னுடையது என்று அப்போது தெரிந்துவிடும்.

உன் அப்பா,
லெமுவெல் பீச்சம்