கத்தரிப்பூ நிறத்தில் இரண்டு கார்கள்

டொலிடோ,
அக்டோபர் 9

அன்புள்ள லொரெட்டா,

போனில் என் குரலைக் கேட்டாலே நீ சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுகிறாயாம், எழுதிப் போடச் சொன்னாள் உன் அக்கா மொரீன். எழுதுகிறேன். கோழி கிளறிய கையெழுத்து என்று கேலி செய்வாயே, அதேதான், பொறுத்துக்கொண்டு படி. அவள் ஊர் டுலூத்தில் இந்நேரம் குளிர் ஆரம்பித்திருக்கும். உன் கனமான கோட்டு இங்கேயே தொங்குகிறது. அனுப்பட்டுமா?

நம் மகள் செத்ததற்குக் காரணம் தெரியாமல் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். போலீஸ் திருப்பிக் கொடுத்த நம் பழைய காரை, கிழவனை, கடைசித் திருகாணி வரை பிரித்துப் பார்த்துவிட்டேன். ஐம்பது வயதுச் சாலஞ்சர், முன்பக்கம் மொத்தமும் போய்விட்டது. ஆனால் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் கூட்டத்துக்கு வழக்கம்போல இரண்டையும் கொண்டுபோனோம். கத்தரிப்பூ நிறத்தில் பழைய சாலஞ்சரும் புதிய சாலஞ்சரும் ஒட்டி நின்றால் எல்லாரும் நம்மைத்தான் சுற்றி நிற்பார்கள், உனக்குத் தெரியாததா. திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. டெல்லா, "இன்னைக்குக் கிழவனை நான் ஓட்டுறேம்பா, நீ பயலை எடுத்துக்கோ" என்றாள். நான் புதிய காரில், பயலில், பின்னால் வந்தேன். முன்னே போன லாரி சட்டென்று நின்றது. கிழவனின் பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது, ஒருமுறைகூட அணையவில்லை. சக்கரங்கள் சுற்றாமல் பூட்டிக்கொள்ள, கிழவன் நேரே வழுக்கிப் போய் லாரியில் மோதினான். நான் மிதித்ததும் பயல் நின்றுவிட்டான்.

பயலில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் போதும், விட்டு விட்டுப் பிடிப்பதைக் காரே பார்த்துக்கொள்ளும். கிழவனில் அதைக் கால்தான் செய்ய வேண்டும், அழுத்திப் பிடித்தால் ஈரத்தில் வழுக்கிவிடும். அவளிடம் சொல்லியிருந்தேன். "தெரியும்பா" என்றாள். பிறகு ஏன் அழுத்திப் பிடித்தாள், அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
வெர்லின்


டுலூத்,
அக்டோபர் 21

வெர்லின்,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. கோட்டு வேண்டாம், மொரீன் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறாள். மூன்று வேளையும் என்னைச் சாப்பிட வைக்க மல்லுக்கட்டுகிறாள், பாவம்.

செத்த பிள்ளை மேல் பழி போட உனக்கு எப்படி மனசு வந்தது? அவளுக்கு ஓட்டத் தெரியாதா? நீ இரவு ஷிப்ட் முடிந்து வந்து குறட்டை விட்ட நாட்களில், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் பார்க்கிங்கில் பயலை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தவள் நான். "குறுக்க ஏதாவது வந்தா யோசிக்காதே. முழு பலத்தோட மிதி, அழுத்திப் பிடி, காலை மட்டும் எடுத்துடாதே, மத்ததைக் கார் பாத்துக்கும்" என்று சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் கேட்டாலும் கால் தானாகப் போகும்படி பழக்கினேன். மழை நாளில்கூடக் கூட்டிக்கொண்டு போனேன்.

எனக்குத் தூக்கமே இல்லை. அவளுக்கு என்ன குறை வைத்தோம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பார்க்கிங்கில் வந்து நின்றால்தான் கொஞ்சம் மூச்சு வருகிறது. அதையாவது சரியாகச் செய்தேன். அதுவும் இல்லையென்றால் நான் உயிரோடு இருந்து என்ன?

உன் தகர டப்பாவில்தான் ஏதோ கோளாறு. திரும்பப் பார். அதை ஒப்புக்கொண்டு எழுது, கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுகிறேன்.

லொரெட்டா


டொலிடோ,
நவம்பர் 16

அன்புள்ள லொரெட்டா,

உன் கடிதம் வந்த பிறகு கொஞ்ச நாள் கராஜ் பக்கமே போகவில்லை. அதனால்தான் தாமதம்.

நீ சொன்னதுதான் சரி. திரும்பப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயில் நான் போட்ட இணைப்பு கழன்றிருக்கிறது. மெக்கானிக் கடையில் கொடுத்திருக்கலாம். எல்லாம் என் கையால்தான் ஆக வேண்டும் என்ற வீம்பு. டெல்லா எப்படி மிதித்திருந்தாலும் அது நின்றிருக்காது. விளக்கைப் பற்றி எழுதியதை மறந்துவிடு, மழையில் நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

நீ சொல்லிக்கொடுத்ததில் எந்தத் தப்பும் இல்லை. யார் கற்றுக்கொடுத்தாலும் அப்படித்தான் கற்றுக்கொடுப்பார்கள். அந்தப் பார்க்கிங்கைத் திரும்பத் திரும்ப நினைக்காதே. தூங்கு.

கிழவனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். என் கண்முன்னாலேயே நசுக்கினார்கள். இனி யாரும் பிரித்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. பயல் போர்வைக்குள் கிடக்கிறான், நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை லொரெட்டா. டெல்லாவின் அறையைத் தாண்டிப் போக முடியாமல் சோபாவிலேயே படுக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று எழுதியிருந்தாய். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம், வந்து இரு போதும்.

உன்
வெர்லின்


டுலூத்,
டிசம்பர் 3

வெர்லின்,

உன் கடிதத்தைப் படித்த அன்று விடியும்வரை தூங்கினேன். கோடைக்குப் பிறகு அப்படித் தூங்கியது அன்றுதான். அவளுக்கு நான் செய்தது எதுவும் தப்பாகப் போகவில்லை என்று தெரிந்ததும் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது போல இருந்தது. மொரீனின் சின்ன மகள் தனக்கும் ஓட்டக் கற்றுத்தரச் சொல்கிறாள். சரி என்றிருக்கிறேன்.

வருகிறேன் என்று எழுதியது வாஸ்தவம். பையைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் அந்த இணைப்பைப் போட்ட கைக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது. மன்னிக்க முயன்று பார்த்தேன், முடியவில்லை. நான் வரப்போவதில்லை, இனி எப்போதும். பயலை வைத்துக்கொள்வதும் விற்பதும் உன் பாடு. டெல்லாவின் படங்களை மட்டும் அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

எவ்வளவு கஷ்டப்பட்டாவது என்னிடம் உண்மையைச் சொன்னாயே, அந்த ஒன்றுக்காக நன்றி.

லொரெட்டா