ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல்

ஐப்பசி 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரி. டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், நர்ஸ் அம்மா, அவர், நான், நாத்தனார் குமுதா. ஐந்தே பேர். நாளைக்கு, டாக்டர் அப்படிச் சொன்னார் இப்படிச் சொன்னார் என்று வீட்டில் பேச்சு வரும். அதற்காகவே எழுதி வைக்கிறேன்.

அவருக்குப் பித்தப்பையில் கல். தீபாவளிக்குப் பிறகு வந்த வலியெல்லாம் அதுதானாம். சர்க்கரை குறைந்ததும் ஆபரேஷன். அதுவரை எண்ணெய் ஆகாது. மறுபடி வலி வந்து காய்ச்சலும் சேர்ந்தால் ஆபத்து.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "கறி சாப்டலாமா சார்?"

டாக்டருக்குச் சிரிப்பு. "எண்ணெய் இல்லாம செஞ்சா, கொஞ்சமா."

ஊருக்குத் திரும்ப அவலூர்பேட்டை பஸ் ஏறும்போது குமுதா: "அண்ணி, உன் கை தாராளக் கை. எங்க அண்ணன் உசுரு அந்தக் கையிலதான் இருக்குது. பாத்துக்க."

சரி என்றேன்.

சாயந்திரம் விளக்கேற்றி அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடியும்வரை கறி, மீன், முட்டை எதையும் நான் வாயில் வைப்பதில்லை. அவரிடம் சொன்னேன்.

"நீ வாயக் கட்னா எனக்கு வவுத்து வலி போயிருமா?"

"போவும்."

"அப்ப உன் பங்கு கறியும் எனக்குத்தான்."

ஐப்பசி 18, செவ்வாய்

மழை விட்டது. துணி காயவில்லை.

தாளிப்பு இல்லாத ரசம். வெறும் சட்டியில் கடுகைப் போட்டேன். பாதி வெடித்து அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. கீரை, வேகவைத்த பீன்ஸ், மோர்.

"இது ரசமா, கூரையில சொட்ன தண்ணியா?" என்றார். இரண்டு வாய். தட்டைத் தள்ளிவிட்டார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். அவர் ஓட்டும் ஷேர் ஆட்டோ வாசலிலேயே நிற்கிறது. வல்லம் டிரிப்புக்கு வரும் டீச்சர் போனில் விசாரித்தார்கள்.

ஐப்பசி 20, வியாழன்

நேற்று பௌர்ணமி, கோயிலில் அன்னாபிஷேகம். பிரசாதச் சோறு மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று கோழி. தோல் உரித்தது, அரைக் கிலோ.

அலுமினியச் சட்டியில் வைத்தேன். அடிப்பிடித்து, கறி ஒரு பக்கம் கரி. வீடு முழுக்கப் புகை. அதைக் கொட்டவும் மனமில்லை, கருகியதைச் சுரண்டி எடுத்து மறுபடி மண்சட்டியில்.

கற்றுக்கொண்டது:
- வெங்காயத்தில் முதலில் உப்பு. அது விடும் தண்ணீரிலேயே வதங்கும்.
- தீ சின்னது. அவசரம் கூடாது.
- குழிவான தட்டால் மூடி, தட்டில் தண்ணீர். ஆவி மேலே போய் முட்டித் திரும்பவும் கறியிலேயே சொட்டும்.
- மிளகு, சீரகம், தனியா வெறுமனே வறுத்துக் கடைசியில்.

உப்பு சரியா தெரியவில்லை. நான் வாயில் வைக்க முடியாதே. வாசனையை வைத்துத்தான்.

"பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை. கை கழுவும்போது, "நாயித்துக்கெழம ஆட்டுக்கறி ஆக்குமே."

ஐப்பசி 23, ஞாயிறு

நல்ல வெயில். கோட்டை பார்க்க வந்த வண்டிகளால் ரோடு அடைப்பு. கறிக்கடையில் கூட்டம்.

"பாய், எண்ணெயே இல்லாம ஆக்கப் போறேன். பாத்துப் போடுங்க."

"எண்ணெய் இல்லாமயா? தொண்டையில எறங்குமாக்கா?"

எடை போட்டு முடித்த பிறகு, பழைய வாடிக்கை என்று வழக்கம்போல் ஒரு துண்டு கொழுப்பு மேலே போட்டார். அதைப் பார்த்ததும் ஒரு யோசனை. அம்மனே கொடுத்தது மாதிரி. கொழுப்பை முதலில் சட்டியில் போட்டேன். உருகியது. அதிலேயே வெங்காயம், பூண்டு, கறி எல்லாம் வதக்கினேன். எண்ணெய் பாட்டிலை எடுக்கவே இல்லை.

குழம்பு என்னமாய் மினுமினுத்தது! அவர் மூன்று முறை சோறு கேட்டு வாங்கினார். எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "இதான்மே சாப்பாடு" என்றார். வெளியே போய் ஆட்டோவைத் துடைத்தார். எத்தனை நாளாயிற்று அவர் விசிலடித்து.

எனக்குத் தயிர்ச்சோறு. அதுவே அமிர்தம்.

ஐப்பசி 24, திங்கள்

விடியும்போது வலி. சுருண்டு படுத்துவிட்டார். வியர்வை, வாந்தி. ஆஸ்பத்திரி. ஊசி, டிரிப்ஸ். காய்ச்சல் இல்லை, தப்பித்தது.

"நேத்து இன்னா சாப்ட்டாரு?" நர்ஸ் அம்மா.

"கறிதான். அம்மன் மேல ஆணையா ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தல."

குமுதா முதல் பஸ்ஸில் வந்தாள். அவளிடமும் அதே ஆணை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தோம். நேராக அடுப்பங்கரைக்குப் போய் மிச்சக் குழம்பின் தட்டைத் திறந்தாள். மேலே வெள்ளையாக, கெட்டியாக, மெழுகு ஊற்றியது மாதிரி.

"இது இன்னா அண்ணி? மாவு கரைச்சி ஊத்தினியா?"

"அது... ஆட்டுக் கொழுப்பு."

"எண்ணெய்க்கு இது தங்கச்சியா?"

அப்போதுதான் உறைத்தது. கறியில் இருப்பதும் கறிதானே என்று நினைத்துவிட்டேன். பாட்டிலில் இருந்து ஊற்றினால்தான் எண்ணெயா? பொய் சொல்லவில்லை. ஆனாலும் அம்மன் பெயரை இழுத்திருக்கக் கூடாது.

திரும்ப ஆஸ்பத்திரியில், குமுதா அவர் கட்டிலருகே நின்று, என் முன்னாலேயே: "அண்ணா, நீ எங்கூட வந்துரு. கஞ்சியோ கூழோ, நான் பாத்துக்கறேன். ஆபரேஷன் வரைக்கும் அங்கியே இரு. இங்க இருந்தா தாங்க மாட்ட."

அவர் என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஐப்பசி 25, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சி.

புறப்படும் முன், எதெல்லாம் ஆகாது என்று நர்ஸ் அம்மாவிடம் தனியாகக் கேட்டேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: "எங்க வீட்லயும் இப்டி நடந்துச்சும்மா. கொழுப்பு, தோலு, ஈரலு, மூள, தேங்கா... இதெல்லாம் வேணாம். வலி நல்லா அடங்கட்டும், அப்பறம் கோழி நெஞ்சுக்கறி மட்டும், ரெண்டு மூணு துண்டு."

குமுதா ஊருக்குப் போனாள். "ஞாயித்துக்கெழம வண்டியோட வரேன். அண்ணன் துணிமணிய எடுத்து வை." அவள் கோபமும் பாசம்தான், தெரியும். அப்பா இல்லாமல் போன பிறகு அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தது இவர். எனக்கு அழுகை வருகிறது, அது வேறு.

துணிமணி எடுத்து வைக்கவில்லை.

ஐப்பசி 26, புதன்

பாய் கடையைத் தாண்டித்தான் மார்க்கெட் போக வேண்டும். தலையைக் குனிந்து போனேன். அவரே கூப்பிட்டார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"எண்ணெய் இல்லாமன்னீங்களே, வறவறன்னு இருக்குமேன்னுதாங்கா போட்டேன். அல்லா, நானே கெடுத்துட்டனே."

"நீங்க போட்டீங்க. ஆக்னவ நான்தான பாய்."

ஐப்பசி 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை வீட்டில் கறி ஆக்கியது கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. அவருக்காக. அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைத்தேன்.

நெஞ்சுக்கறி, நூறு கிராம். வெள்ளையாய் இருந்த இழையெல்லாம் நகத்தால் கிள்ளி எடுத்தேன். மண்சட்டி, தட்டில் தண்ணீர். வெந்ததும் சாற்றை வடித்துக் கிண்ணத்தில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன். ஆறினால் மேலே ஏதாவது படிகிறதா பார்க்க. கொஞ்சூண்டு படிந்தது. வழித்து எறிந்துவிட்டு மறுபடி கொதிக்க வைத்தேன்.

அவர் வந்து வாசற்படியில் நின்றார். அடுப்பங்கரைக்குள் வருகிற ஆள் இல்லை.

"உப்பு இருக்குதான்னு யாரு பாக்கறது?"

"யாரும் இல்ல. குத்துமதிப்புதான்."

உள்ளே வந்து கையை நீட்டினார். ஒரு சொட்டு விட்டேன். நக்கினார். "கொஞ்சம் போடு... போதும்." மறுபடி நீட்டினார். "மொளகு பத்தல." உப்பு பார்க்கிற சாக்கில் இரண்டு துண்டு உள்ளே போய்விட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "இன்னாங்க, குமுதா வூட்டுக்குப் போறீங்களா?"

"அவ மனசும் நோவக் கூடாது. உன் மனசும் நோவக் கூடாது."

"ஒடம்பு?"

"அதான் பயமா இருக்குதுமே." முதல் தடவையாக அதைச் சொன்னார். தலையைத் தூக்கவில்லை. "வலி வந்தப்போ செத்துருவேன்னு நெனச்சேன். அப்பறம் யாரு சோத்தப் பாத்தாலும் பயம். அவ வூட்டு சோறானாலும்தான்."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

ஐப்பசி 29, சனி

ராத்திரி வலி இல்லை. காலையில் இட்லி மூன்று.

எனக்குப் புரிந்தது இதுதான். அவருக்கு வேண்டியது வேறு வீடு இல்லை, பயம் போவது. குமுதாவுக்கு வேண்டியதும் அதுதான். நான் ஆக்குவதை இரண்டு பேரும் கண்ணால் பார்த்தால் போகும். கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த வீட்டில் கறி கிடையாது. நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

குமுதாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது, அப்படியே:

குமுதா, நாளைக்கு வண்டி கொண்டுவா, வேணாங்கல. கொஞ்சம் சீக்கிரம் வா. கோழிக்கறி நீ கழுவு, நீ அடுப்புகிட்ட நில்லு, நான் ஆக்கறேன். எனக்கு விரதம், நீயே வாயில வச்சிப் பாரு. ஆறவச்சி மேல படியறத உன் கையாலயே வழிச்சிப் போடு. அதுக்கப்பறமும் உங்க அண்ணன் உங்கூட வரேன்னா அழைச்சிக்கினு போ, நானே துணி மடிச்சித் தரேன். கடையில காலையிலயே சொல்லி வைக்கணும். வருவியா, மாட்டியா? சீக்கிரம் பதில் சொல்லு.