வண்டிக்கூலி

மார்ச் 5, செவ்வாய்

படகு குடலைப் புரட்டிவிட்டது. துறையில் ஒரே ஒரு வேன். தீவுக்கே அதுதானாம். அக்கா வீட்டு வாசலில் இறங்கிப் பணத்தை நீட்டினால் வண்டிக்காரர் வாங்கவில்லை. "ஊருக்குக் கிளம்புறப்ப மொத்தமாக் குடுங்கம்மா. இங்க எல்லாரும் அப்படித்தான்." சீட்டு, நோட்டு எதுவும் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறதாம்! பாக்கி வைத்துப் பழக்கமில்லாத எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தீவுப் பள்ளியில் டீச்சராக இருந்த அக்கா தண்ணீரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். இரண்டு கண்ணிலும் புரை. கூட்டிப்போகத்தான் வந்தேன். ஆபரேஷன் என்றாலே எழுந்து போய்விடுகிறாள்.

மார்ச் 6

கடைக்கு வேனில் போய் வந்து மறுபடி நீட்டினேன். வாங்கவில்லை. அக்காவும் அசையவில்லை.

மார்ச் 7, வியாழன்

சுகாதார நிலையம் வரை வேனில் போய் வந்தேன். "இன்னும் தள்ளிப்போட்டா பார்வைக்கு நான் பொறுப்பில்ல" என்றார் நர்ஸ். திரும்பி இறங்கும்போது பொறுக்கமாட்டாமல் மூன்று நாள் கூலியை வண்டிக்காரரின் சட்டைப் பையில் திணித்துவிட்டேன். "அதுக்குள்ளயா?" என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆமாம் என்றேன். அப்பாடா.

மார்ச் 8

காலையில் என் பெட்டி வாசலில் இருந்தது, துணியெல்லாம் மடித்து வைத்து.

"என்னக்கா இது?"

"கூலியத் தீர்த்துட்டியாமே. நாளைப் படகுல கிளம்புறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வண்டிக்காரர் சொல்லித்தான் தெரியணுமா?"

இங்கே கூலி கொடுத்தால் விடைபெற்றதாக அர்த்தம். என் அவசர புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஒன்னை விட்டுட்டுப் போவேனாக்கா" என்று அழுதே விட்டேன். ஐம்பத்தாறு வயதில்!

அப்போதுதான் சொன்னாள். "உங்க அத்தான் அன்னிக்குப் பைசா பாக்கியில்லாம தீர்த்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் படகு ஏறினார். திரும்பியா வந்தார்?"

பதினோரு வருஷமாக இவள் தீவைத் தாண்டாதது இதனால்தானா? நான் பிடிவாதம் என்றல்லவா நினைத்தேன்.

மார்ச் 9, சனி

வண்டிக்காரரிடம் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வெட்கம்தான். அக்காவின் பயத்தையும் சொன்னேன். அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

படகு நான் இல்லாமல் போயிற்று. "நீ போகலையா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 11

அக்கா இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன்.

மார்ச் 12, செவ்வாய்

படகிலிருந்து எழுதுகிறேன், கோணல்மாணலாக. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள்.

காலையில் துறையில் வேனை விட்டு இறங்கியதும் பதினோரு வருஷக் கூலியை எடுத்து நீட்டினாள். வண்டிக்காரர் எண்ணி, பாதியை அவள் கையிலேயே திணித்தார்.

"மீதிய வந்து குடுங்க டீச்சர். விடமாட்டேன், சொல்லிட்டேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினார். நானும் பாதிதான் கொடுத்தேன்.